அப்டேட் போட்டால் போன் ஸ்லோ ஆகுமா? ஒரு புகாரின் வரலாறு



நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது. "புது அப்டேட் வந்திருக்கிறது. யாரும் போடாதீர்கள். போட்டவர்கள் போன் எல்லாம் ஸ்லோ ஆகிவிட்டது. பேட்டரி நிற்பதே இல்லை. அனைவருக்கும் பகிருங்கள்." உடனே குழு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். புது போன் விற்பதற்காகக் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே செய்கிறான் என்பது ஒரு கட்சி. எல்லாம் வதந்தி, வேலை இல்லாதவர்கள் கிளப்பிவிடுவது என்பது மறு கட்சி. இரண்டு கட்சியிலும் எனக்கு வேண்டியவர்கள் இருப்பதால் நான் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இன்று கொஞ்சம் நீளமாகவே திறக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இந்தப் புகாருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் மக்கள் சொன்னது பாதி உண்மையாகவும், கம்பெனி சொன்னது பாதி உண்மையாகவும் இருந்தது. எந்தப் பாதி உண்மை என்று கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

எட்டாம் வகுப்பில் வரலாற்றுச் சான்றுகள் பற்றி நான் நடத்தியது சிலருக்காவது நினைவிருக்கும். ஒரு கல்வெட்டில் இரண்டு பகுதிகள் இருக்கும். மேலே மெய்க்கீர்த்தி: மன்னன் எந்தெந்த நாட்டை வென்றான் என்ற புகழுரை. கீழே செய்தி: இந்தக் கோயிலுக்கு, இந்த எல்லைக்குள், இவ்வளவு நிலம், இன்ன ஆண்டில் கொடுக்கப்பட்டது என்ற விவரம். வரலாற்று ஆசிரியர்கள் கீழ்ப்பகுதியை எளிதில் நம்புவார்கள். மேல்பகுதியை வேறு சான்றோடு ஒப்பிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள். கல் ஒன்றுதான். ஆனால் அது சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. போன் புகாரும் அப்படித்தான். "என் போன் மெதுவாகிவிட்டது" என்பது அவர் பார்த்தது. "கம்பெனி வேண்டுமென்றே செய்தது" என்பது அவர் நினைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

இனி கதைக்கு வருவோம்.

1. தேடல் சொன்ன சாட்சி (2014)

2014 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் செந்தில் முல்லைநாதன் ஒரு கட்டுரை எழுதினார். பெயரைப் பார்த்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும், நம்மவர்தான். இந்தியாவில் ஒரு கிராமத்தில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போய், அப்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர்.

அங்கே ஆய்வு மாணவியாக இருந்த லாரா ட்ருக்கோ, கூகுளில் "ஐபோன் ஸ்லோ" என்று மக்கள் எப்போதெல்லாம் அதிகமாகத் தேடினார்கள் என்று ஆண்டுவாரியாக எடுத்துப் பார்த்திருந்தார். ஒவ்வொரு முறை புது ஐபோன் வெளிவரும்போதும் அந்தத் தேடல் ஜிவ்வென்று ஏறியது. பிறகு இறங்கியது. அடுத்த போன் வந்ததும் மறுபடி ஏறியது. சாம்சங் கேலக்ஸிக்கு அதேபோல் பார்த்தால் அப்படி ஏற்றம் இல்லை.

இதைப் பார்த்தவுடன் நம்மில் பலர், "பார்த்தீர்களா, பிடிபட்டான்" என்று சொல்லிவிடுவோம். முல்லைநாதன் அப்படிச் சொல்லவில்லை. இதற்கு வேறு விளக்கங்களும் உண்டு என்றார். புது போன் வந்த செய்தியைக் கேட்டதும் கையில் இருக்கும் பழைய போன் மெதுவாக இருப்பதாக மனதுக்குத் தோன்றலாம். பக்கத்து வீட்டில் புது வண்டி வாங்கினால் நம் வண்டியில் இத்தனை நாள் கேட்காத சத்தமெல்லாம் கேட்பதில்லையா? இன்னொன்று, ஆப்பிள் புது போனை விடும் அதே சமயத்தில் புது மென்பொருளையும் எல்லாப் பழைய போன்களுக்கும் அனுப்புகிறது. புதிய, வேகமான போனை மனதில் வைத்து எழுதப்பட்ட மென்பொருள் பழைய போனில் திணறும். சாம்சங் விஷயத்தில் போனைச் செய்பவர் ஒருவர், ஆண்ட்ராய்டு மென்பொருளைச் செய்யும் கூகுள் வேறொருவர். இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை.

ஆக, மக்கள் புகார் சொல்லத் தொடங்கிய நேரம் உண்மை. அதன் காரணம் அந்த வரைபடத்திலிருந்து தெரியாது. தரவு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நோக்கம் என்ன என்பதை அது சொல்லாது என்பதே அவர் கட்டுரையின் சாரம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர்கள் இதற்காகத்தான் சொல்லி வைத்தார்கள்.

2. ஒரே நாளில் நிரூபணமான புகார் (2014 செப்டம்பர்)

அதே ஆண்டு இன்னொரு நிகழ்ச்சி. 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 8.0.1 என்ற அப்டேட்டை வெளியிட்டது. ஐபோன் 6, 6 பிளஸ் இரண்டும் கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்டேட் போட்டவர்களுக்கு சிக்னல் போய்விட்டது. கைரேகைப் பூட்டும் வேலை செய்யவில்லை. போன் இருந்தும் பேச முடியாத நிலை. சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே அந்த அப்டேட் திரும்பப் பெறப்பட்டது. மறுநாள் 8.0.2 வந்தது. 40,000-க்கும் குறைவான போன்களே பாதிக்கப்பட்டதாகச் சொல்லி ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது.

இந்தப் புகாரை ஏன் எல்லாரும் உடனே நம்ப முடிந்தது? ஒருவரையொருவர் அறியாத பல பேர், ஒரே மாடல் போனில், ஒரே அப்டேட்டைப் போட்டு, சில நிமிடங்களுக்குள், ஒரே குறையைச் சொன்னார்கள். அந்தக் குறையும் மழுப்பலானது இல்லை. சிக்னல் இருக்கிறது அல்லது இல்லை, இரண்டில் ஒன்று. "கொஞ்சம் மெதுவாக இருக்கிற மாதிரி இருக்கிறது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாட்சிகள் தனித்தனியாக இருக்க வேண்டும், சொல்வது குறிப்பாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பது இதைத்தான். ஒரே செய்தியை நூறு பேர் ஃபார்வர்டு செய்தால் அது நூறு சாட்சி ஆகாது. ஒரே சாட்சி நூறு வாயால் பேசுகிறது, அவ்வளவுதான்.

3. 30 சதவீதத்தில் அணையும் போன் (2016)

நம் கதையின் மையம் இங்கே தொடங்குகிறது. 2016 இறுதியில் ஐபோன் 6எஸ் வைத்திருந்தவர்கள் ஒரு விசித்திரமான குறையைச் சொன்னார்கள். பேட்டரியில் 30 சதவீதம் இருப்பதாகத் திரை காட்டும். திடீரென்று போன் அணைந்துவிடும். சார்ஜரில் சொருகினால் மறுபடி அதே 30 சதவீதத்துக்கு அருகில் காட்டும். சீனாவின் நுகர்வோர் சங்கம் 2016 நவம்பரில் இதை ஆராயும்படி ஆப்பிளிடம் கேட்டது.

மிகச் சிறிய எண்ணிக்கையிலான போன்களில்தான் இந்தக் குறை, அவை 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தயாரானவை, அவற்றுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றித் தருகிறோம் என்று ஆப்பிள் அறிவித்தது. ஆனால் அந்தத் தேதிகளுக்கு வெளியே தயாரான போன்களை வைத்திருந்தவர்களும் அதே குறையைச் சொன்னார்கள். இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் சொன்ன மக்களிடம் மாடல் இருந்தது, தேதி இருந்தது, குறை இன்னதென்ற விவரம் இருந்தது. கம்பெனியின் விளக்கத்துக்குள் அது முழுமையாக அடங்கவில்லை. ஒரு விளக்கத்துக்குள் அடங்காத நம்பகமான சாட்சி மிஞ்சி நிற்கிறது என்றால், விளக்கம் முடியவில்லை என்று பொருள்.

30 சதவீதம் இருக்கும்போதே போன் ஏன் அணைகிறது? கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். லோ வோல்டேஜ் நாட்களில் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் நம் வீட்டு பல்பு சட்டென்று மங்கும். மின்சாரம் நின்றுவிடவில்லை. ஒரே நேரத்தில் நிறைய இழுத்ததால் அழுத்தம் குறைந்துவிட்டது. லித்தியம் பேட்டரி பழசாக ஆக, அதன் உள்தடை கூடுகிறது. போனின் பிராசசர் கேமரா திறக்கும்போதோ, கேம் ஆடும்போதோ ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கேட்கும். பழைய பேட்டரியால் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது. வோல்டேஜ் விழும். உள்ளே இருக்கும் உறுப்புகளைக் காப்பாற்ற போன் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இது இன்னும் அதிகம்.

4. சொல்லாமல் செய்த வைத்தியம் (2017)

2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 அப்டேட் வந்தது. குறைகள் சரிசெய்யப்பட்டுள்ளன, பாதுகாப்பு மேம்படுத்தப்பட்டுள்ளது என்ற வழக்கமான அறிவிப்போடுதான் வந்தது. பிப்ரவரியில், இந்த அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று அணைவது 6எஸ் போன்களில் 80 சதவீதத்துக்கு மேலும், 6 போன்களில் 70 சதவீதத்துக்கு மேலும் குறைந்துவிட்டதாக ஆப்பிள் பத்திரிகைகளிடம் சொன்னது. நல்ல செய்திதான். எப்படிக் குறைத்தோம் என்பதை மட்டும் விளக்கவில்லை.

மக்கள் பக்கம் புகார் மாறியது. அணையும் புகார் குறைந்தது, "ஸ்லோ ஆகிவிட்டது" என்ற பழைய புகார் தொடர்ந்தது. 2017 அக்டோபரில் ஃபியூச்சர்மார்க் என்ற வேகச் சோதனை நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனை முடிவுகளை எடுத்து, மாதவாரியாகச் சராசரி போட்டுப் பார்த்தது. பழைய ஐபோன்களின் வேகத்தில் சொல்லும்படியான வீழ்ச்சி இல்லை, ஆப்பிள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கவில்லை என்று முடிவு சொன்னது. வதந்திக் கட்சிக்குக் கொண்டாட்டம். "அறிவியல் பூர்வமாக நிரூபித்தாயிற்று" என்று எழுதினார்கள்.

இரண்டே மாதத்தில் அந்தக் கொண்டாட்டம் முடிந்தது.

5. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தவர் (2017 டிசம்பர்)

2017 டிசம்பர் இரண்டாம் வாரத்தில், ரெட்டிட் தளத்தில் ஒரு சாதாரணப் பயனாளர் தன் அனுபவத்தை எழுதினார். அவரிடம் இருந்தது 6எஸ். அவருடைய சகோதரரிடம் அதைவிடப் பழைய மாடலான 6 பிளஸ். பழைய மாடல் தன்னுடையதைவிட வேகமாக ஓடுவதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்தது. கீக்பெஞ்ச் என்ற செயலியில் தன் போனின் வேகத்தை அளந்தார். ஒற்றைக் கோர் மதிப்பெண் 1466, பல கோர் மதிப்பெண் 2512 வந்தது. பிறகு பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றினார். மறுபடி அதே செயலியில் அளந்தார். 2526, 4456 என்று வந்தது. வேகம் 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது.

மாணவர்களே, இந்தப் புகாருக்கும் நம் குழுவில் வரும் ஃபார்வர்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அவர் ஒரு பொருளை மட்டும் மாற்றினார். மற்ற எல்லாம் அப்படியே இருந்தது. மாற்றும் முன்னும் மாற்றிய பின்னும் ஒரே அளவுகோலால் அளந்தார். அளவை எண்ணாக எழுதினார். யார் வேண்டுமானாலும் தன் போனில் செய்து பார்க்கலாம். ஏழாம் வகுப்பு அறிவியல் செய்முறையில் நாம் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்.

ஆனாலும் இது ஒரு போன். ஒரு சாட்சி. அவருடைய போனில் மட்டும் ஏதோ கோளாறு என்று தள்ளிவிடலாம். அடுத்த படியை எடுத்துவைத்தவர் ஜான் பூல். கீக்பெஞ்ச் செயலியை உருவாக்கிய பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தின் நிறுவனர். அவரிடம் பயனாளர்கள் ஓட்டிப்பார்த்த முடிவுகள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. டிசம்பர் 18 அன்று அவற்றை மென்பொருள் பதிப்புவாரியாகப் பிரித்து வரைபடமாக வெளியிட்டார்.

இங்கே அவர் செய்த ஒரு நல்ல காரியம், சராசரியை நம்பாமல் பரவலைப் பார்த்தது. இதை ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு வகுப்பில் 40 பேர். போன தேர்வில் எல்லாரும் 60-ஐ ஒட்டி வாங்கினார்கள், சராசரி 60. இந்தத் தேர்வில் 35 பேர் 65 வாங்கினார்கள், 5 பேர் 25 வாங்கித் தோற்றுப்போனார்கள். கூட்டிப் பாருங்கள், சராசரி அதே 60. தலைமையாசிரியர் சராசரியை மட்டும் பார்த்தால், வகுப்பு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். தோற்ற 5 பிள்ளைகள் அவர் கண்ணில் படவே மாட்டார்கள்.

பூல் வரைந்த படத்தில், ஐஓஎஸ் 10.2 ஓடிய 6எஸ் போன்களின் மதிப்பெண்கள் எதிர்பார்த்த இடத்தில் ஒரே குன்றாகக் குவிந்திருந்தன. 10.2.1 வந்த பிறகு கீழே புதிதாகச் சில சிறு குன்றுகள் முளைத்தன. 11.2-ல் அவை இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ஐபோன் 7-ல் 10.2.1 வரைக்கும் அப்படி எதுவும் இல்லை. 11.2 வந்த பிறகு அதிலும் அதே மாதிரி குன்றுகள். பேட்டரி பழசாவதால் தானாக வேகம் குறைகிறது என்றால், மதிப்பெண்கள் இப்படிக் குறிப்பிட்ட சில இடங்களில் போய்க் குவியாது, அதுவும் ஒரு குறிப்பிட்ட அப்டேட்டுக்குப் பிறகு முளைக்காது. மென்பொருள் எங்கோ கடிவாளம் போடுகிறது என்பது தெளிவாயிற்று. இப்படிச் சொல்லாமல் செய்தால், பேட்டரியை மாற்ற வேண்டியவர்கள் போனையே மாற்ற வேண்டும் என்று நினைத்துவிடுவார்கள் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை, இந்தக் கதை முழுவதிலும் மிக முக்கியமான கருத்து அதுதான்.

6. ஒப்புதலும் அபராதமும்

இரண்டு நாளில், டிசம்பர் 20 அன்று, ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசான, குளிர்ந்த, அல்லது சார்ஜ் குறைந்த நிலையில் போன் திடீரென்று அணையாமல் இருக்க, பிராசசரின் உச்ச வேகத்தை மென்பொருள் மட்டுப்படுத்துகிறது, 6, 6எஸ், எஸ்இ போன்களுக்கு முன்பே கொடுத்தோம், 11.2-ல் 7-க்கும் கொடுத்திருக்கிறோம் என்றது. டிசம்பர் 28 அன்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. உத்தரவாதக் காலம் முடிந்த போன்களுக்குப் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக 2018 இறுதி வரை குறைத்தது. இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்தது வரி நீங்கலாக 2,000 ரூபாய் ஆயிற்று. 2018 மார்ச் இறுதியில் வந்த ஐஓஎஸ் 11.3-ல் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று நாமே பார்க்கும் வசதியும், அந்த வேகக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும் வசதியும் வந்தன. இன்று ஐபோன் அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியம் என்று நீங்கள் பார்க்கும் சதவீதம், அன்று புகார் சொன்னவர்கள் வாங்கிக்கொடுத்தது.

பிறகு வழக்குகள். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே நாளில் சாம்சங்குக்கும் 50 லட்சம் யூரோ. கேலக்ஸி நோட் 4 போனில், அது சரியாகத் தாங்க முடியாத புது ஆண்ட்ராய்டைப் போடும்படி வாடிக்கையாளர்களைத் தூண்டியதற்காக. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அப்டேட் போட்டால் வேகம் குறையலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை என்பது குற்றம். அதே ஆண்டு அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து ஒரு பெரிய வழக்கை ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது. நவம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 11.3 கோடி டாலர் கொடுத்தது. எதிலும் தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது இரண்டு கட்சிக்கும் மதிப்பெண் போடுவோம். போன் மெதுவாகிவிட்டது என்று சொன்ன மக்கள் பார்த்தது சரி. அப்டேட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றதும் சரி. புது போன் விற்கத்தான் செய்தார்கள் என்ற காரணம் நிரூபணமாகவில்லை. திடீரென்று அணைவதைத் தடுக்கத்தான் செய்தோம் என்ற கம்பெனியின் விளக்கம் பேட்டரி அறிவியலோடு ஒத்துப்போகிறது. ஆனால் சொல்லாமல் செய்ததுதான் தவறு, அதற்குத்தான் தண்டனை. அதன் விளைவு யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிளின் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த அளவு ஐபோன் விற்காததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மலிவாகக் கிடைத்த பேட்டரி மாற்றத்தைச் சிலர் பயன்படுத்திக்கொண்டது. உண்மை தெரிந்தவர்கள் பேட்டரியை மாற்றிக்கொண்டு பழைய போனையே வைத்துக்கொண்டார்கள். பேட்டரி மாற்றத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அதற்கு முன் எத்தனை பேர் புது போன் வாங்கினார்களோ!

7. நாம் என்ன செய்வது?

சரி, எல்லாப் புகாரையும் நம்பிவிடலாமா? கூடாது. இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீர் ஒழுங்காக வந்த தெரு மனு கொடுக்காது. வராத தெருதான் குடத்தோடு சாலைக்கு வரும். அப்டேட் போட்டு நன்றாக இருப்பவர் யாரும் "என் போன் நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதில்லை. 2016 தொடக்கத்திலேயே உலகில் தன்னுடைய 100 கோடி சாதனங்கள் பயன்பாட்டில் இருப்பதாக ஆப்பிள் அறிவித்தது. அதில் ஒரு லட்சம் பேர் புகார் எழுதினால் நமக்கு உலகமே அழுவது போல் தெரியும். கணக்குப் போட்டால் பத்தாயிரத்தில் ஒருவர்.

இரண்டாவது, பெரிய அப்டேட் போட்ட முதல் ஓரிரு நாட்கள் பேட்டரி வேகமாக இறங்குவது வழக்கம். போன் உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் புதிதாக அடுக்கி அட்டவணை போடுகிறது, செயலிகளும் பின்னணியில் புதுப்பிக்கப்படுகின்றன. வீடு மாறிய முதல் இரண்டு நாள் சமையல் நேரத்துக்கு நடக்காதது போலத்தான். அதனால் அப்டேட் வந்த அன்று மாலையே வரும் பேட்டரி புகாருக்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை. ஒரு வாரம் கழித்தும் அதே புகார் நிற்கிறதா என்று பார்ப்பேன்.

ஒரு புகாரைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வரலாறே கொடுத்துவிட்டது.

எந்த மாடல், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்று எழுதியிருக்கிறாரா? அவர் தன் போனில் பார்த்ததா, யாரோ சொல்லக் கேட்டதா? முன்னும் பின்னும் அளந்தாரா, அல்லது அப்படித் தோன்றியதா? வேறு எது மாறியிருக்கலாம் என்று யோசித்தாரா: பேட்டரியின் வயது, நிரம்பிப்போன நினைவகம், புதிதாகப் போட்ட செயலி? தொடர்பில்லாத வேறு ஆட்கள் அதே மாடலில் அதே குறையைச் சொல்கிறார்களா? சொல்பவருக்கு ஏதாவது ஆதாயம் உண்டா? பயமுறுத்தினால்தான் வீடியோவுக்குப் பார்வை கூடும் என்பவரும் உண்டு, பிரச்சினையே இல்லை என்று சொன்னால்தான் விற்பனை நிற்கும் என்பவரும் உண்டு. இருவரையும் ஒரே மாதிரி சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பதில் இருக்கும் புகார் அரிது. இருந்தால் அதை மதியுங்கள், எழுதியவர் பெயர் தெரியாதவராக இருந்தாலும் சரி. 2017 டிசம்பரில் எழுதியவரும் பெரிய நிபுணர் என்று யாருக்கும் தெரியாது. ஆளைப் பார்த்து எடை போடவில்லை, அவர் அளந்த விதத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அதை மேலே கொண்டுபோனார்கள்.

"போடாதீர்கள்" என்று ஃபார்வர்டு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்க ஒரு அப்டேட் கொடுத்தது. மே 12 அன்று வானாகிரை என்ற தீய நிரல் அதே ஓட்டை வழியாக 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பெரும்பாலும் மாட்டிக்கொண்டவை அந்த அப்டேட்டைப் போடாத கணினிகள். இரண்டு மாத அவகாசம் இருந்தும் பயன்படவில்லை. நம் போனில் இன்று பென்ஷன் கணக்கு இருக்கிறது, ஜிபே இருக்கிறது, வங்கியிலிருந்து ஓடிபி வருகிறது. பொய்ப் புகாரை நம்பிப் பூட்டுப் போடாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான். மெய்ப் புகாரை வதந்தி என்று தள்ளினாலும் நஷ்டம் நமக்குத்தான், பேட்டரி மாற்றும் செலவுக்குப் பதிலாகப் புது போனின் விலையே போகும்.

ஆகவே என் யோசனை இவ்வளவுதான். சிறிய பாதுகாப்பு அப்டேட் வந்தால் தாமதிக்காமல் போடுங்கள். பெரிய பதிப்பு மாற்றம் என்றால், முக்கியமான படங்களையும் தொடர்பு எண்களையும் பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வாரம் பொறுத்து, உங்கள் மாடல்காரர்கள் குறிப்பாக என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மூன்று நான்கு வருடப் போன் மெதுவானால் கடைக்கு ஓடும் முன் பேட்டரியின் நிலையைப் பாருங்கள். உண்மையாகவே குறை இருந்தால் வாய் மூடி இருக்காதீர்கள், எழுதுங்கள். எழுதுபவர்கள் இருந்ததால்தான் இந்த உண்மை வெளியே வந்தது.

கடைசியாக, ஆசிரியர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடமுடியாது. அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் போனில் ஏதாவது மாறியிருந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள். மாடல், பதிப்பு, தேதி, என்ன பார்த்தீர்கள் என்று நான்கும் இருக்க வேண்டும். ஏன் அப்படி ஆயிற்று என்ற உங்கள் ஊகத்தைத் தனி வரியில் எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதுபவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. மாப்பிள்ளையானாலும் சரி, மாவட்ட அதிகாரியான மாணவரானாலும் சரி!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்